அறுபத்து நான்கு கிராம் வெள்ளி

கைக்குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மீதியைப் படிக்க நேரமில்லை என்றால் இந்த ஒரு வரியை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் காத்திருந்தேன்.

அன்று என் மகள் பிறந்து இருபத்திரண்டு நாள். கொல்லிமலையில், பெரக்கரை நாடு என்ற பகுதியில் எங்கள் வீடு. மிளகு, மரவள்ளி, கொஞ்சம் சாமை. என் கணவர் செல்வராசு அதைத்தான் பார்க்கிறார். நான் கணிதத்தில் பட்டம் வாங்கி, கல்யாணத்துக்கு முன் ஒரு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். மாலை ஐந்து மணி இருக்கும். குழந்தை குடித்த பாலைக் கக்கினாள். பச்சையாக இருந்தது. மதியம் நான் மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டிருந்தேன்.

"அத்தை, இதைப் பாருங்க. கீரையாலயா இருக்குமுங்களா?"

"ஆமா கண்ணு. நீ தின்னது பால்ல எறங்கியிருக்கும். ரெண்டு நாளைக்குக் கீரைய விட்டுரு" என்றார் மாமியார்.

அவரைக் குறை சொல்லவில்லை. கேள்வியைக் கேட்டதே நான்தான். பதிலையும் கேள்விக்குள் வைத்துக் கேட்டேன். கடைசி பஸ் போயிருந்தது, பனி இறங்கியிருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்று போனை எடுத்தேன். கீரைக்காக ஆம்புலன்ஸா என்று வைத்துவிட்டேன். விடிந்தபோது வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது. துணியில் ரத்தம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஆம்புலன்ஸில் இறங்கி அடிவாரத்துக் காரவள்ளிக்கு வரும்வரை, அவள் ஒரு முறைகூட அழவில்லை. அழமாட்டாளா என்று அன்று ஏங்கினேன்.

சேலத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் அன்று மதியமே அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்குக் குடல் முறுக்கு என்று பெயர். சில குழந்தைகளுக்குக் கருவிலேயே குடல் சரியான இடத்தில் பதியாமல் போய்விடுமாம். அப்படி ஆடிக்கொண்டிருக்கும் குடல் ஒரு நாள் தன்மேலேயே முறுக்கிக்கொள்ளும். ரத்தம் போகாது. ரத்தம் போகாத குடல் கருத்துவிடும். கருத்துப்போனதை வெட்டி எடுத்தார்கள். பிழைக்குமா என்று சந்தேகமாக இருந்த பகுதியை விட்டுவைத்து, இரண்டு நாள் கழித்து மறுபடி வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். அதிலும் பாதி போயிற்று.

குடல் டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். ஐம்பது வயதிருக்கும். மெதுவாகப் பேசும் பெண்மணி.

"பிறந்த குழந்தைக்குச் சிறுகுடல் ரெண்டு மீட்டருக்கு மேல இருக்கும். இவளுக்கு இப்ப மிச்சம் இருக்கிறது நாற்பத்திரண்டு சென்டிமீட்டர்."

செல்வராசு தன் வலது கையை மேசைமேல் விரித்து ஒரு முறை அளந்தார். கட்டைவிரலை நகர்த்தி மறுபடி அளந்தார்.

"ரெண்டு சாண்கூட முழுசா இல்லீங்களா?"

"இல்லைங்க."

சாப்பிடுவதைச் சத்தாக மாற்றி ரத்தத்துக்குள் அனுப்புவது சிறுகுடல். அது இவ்வளவு குட்டையாகிவிட்டால் வாய் வழியாகக் கொடுப்பதெல்லாம் அப்படியே வெளியே போய்விடும். குறுங்குடல் நோய் என்கிறார்கள். அதனால் மார்பில் ஒரு மெல்லிய குழாயைப் பதித்து, சத்து முழுவதையும் நேராக ரத்தத்தில் ஏற்றுவார்கள். நாங்கள் அதைச் சத்து டிரிப் என்று சொல்லிப் பழகிவிட்டோம். தினமும் மருந்தகத்தில் அவளுக்கென்று ஒரு பை தயாராகும். மாலையில் மாட்டினால் காலையில் கழற்றுவார்கள்.

"இவ சரியாயிருவாளா டாக்டர்? எத்தனை சதவீதம்?" என்று கேட்டேன். கணக்கு படித்த பழக்கம்.

டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து வரைந்தார். மிச்சமுள்ள குடலின் நீளம் ஒன்று. சிறுகுடல் பெருங்குடலோடு சேருமிடத்தில் ஒரு கதவு மாதிரி தசை இருக்கிறது. உணவைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து, பிறகு விடும் அந்தக் கதவு இவளுக்குத் தப்பித்துவிட்டது. பெருங்குடலும் முழுதாக இருக்கிறது. தண்ணீரை அது இழுத்துக்கொள்ளும். பிறகு சிட்ருலின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை. சிறுகுடலின் உட்சுவர் தயாரிக்கும் பொருள் அது. ரத்தத்தில் அது கூடினால், வேலை செய்கிற குடல் கூடுகிறது என்று பொருள். குழந்தைகளின் குடல் வளரும், அகலமாகும், உள்ளே இருக்கும் சின்னச் சின்ன முளைகள் நீளும். குட்டையான குடல் நீளமான குடலின் வேலையைக் கற்றுக்கொள்ளும். மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்கள். சிலருக்கு நடக்காது.

"நூறு குழந்தைகளைப் பத்தி என்னால ஓரளவு சொல்ல முடியும்மா. அந்த நூறுல உங்க பொண்ணு யாருன்னு அவதான் சொல்லணும். எடையில சொல்லுவா, மலத்துல சொல்லுவா, ரத்தத்துல சொல்லுவா. நாம ஒழுங்கா எழுதி வச்சுக்கணும், அவ்வளவுதான்."

எழுந்திருக்கும்போது கீரையைப் பற்றிக் கேட்டேன். அந்த ஒரு ராத்திரியைப் பற்றியும் கேட்டேன்.

"அந்தப் பச்சை பித்தநீர். கீரை தாய்ப்பாலை அப்படி ஆக்காது. சீக்கிரம் வந்திருந்தா கொஞ்சம் அதிகம் மிச்சமாகியிருக்கலாம், ஆகாமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாததை வச்சு உங்களைத் தண்டிக்காதீங்க."

அவர் சொன்னபடி என்னால் நடக்க முடியவில்லை. ஆனால் ஒரு நோட்டு வாங்கினேன்.

அந்த நோட்டுதான் என் ஏழு மாதங்கள். மூக்குக் குழாய் வழியாக மணிக்கு ஒரு மில்லி தாய்ப்பாலில் ஆரம்பித்தார்கள். அரைத் தேக்கரண்டிகூட இல்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டுவார்கள். மலம் தண்ணீராகப் போனால் மறுபடி குறைப்பார்கள். மலம் போன துணியை எடை போட்டு, காய்ந்த துணியின் எடையைக் கழித்து எழுத வேண்டும். காலை ஆறு மணிக்குக் குழந்தையின் எடை. ஏசி அறை என்பதால் அவளைத் துணியில் சுற்றியபடியே தராசில் வைத்து, துணிக்கு நூற்றெண்பது கிராமைக் கழிப்பார்கள். எல்லாத் துணியும் ஒரே அளவில் வெட்டியது. நான் வெட்டியதுதான்.

மலத் துணிகள் மலையிலிருந்து வந்தன. பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்து, துவைத்து, என் மாமியார் கொடுத்தனுப்புவார். மழை மாதங்களில் மலையில் துணி காயாது. அதனால் அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைப்பார். மூட்டையைப் பிரித்தால் புகை வாசம்.

"கோமதி, உங்க மூட்டை வந்தா வார்டே அடுப்படி ஆயிடுது. எனக்குப் பசிக்க ஆரம்பிச்சிடுது" என்பார் விஜயா சிஸ்டர். காலை நேர நர்ஸ். சொல்லிக்கொண்டே அத்தனையையும் மருத்துவமனைச் சலவைக்கு அனுப்பி, வெந்நீரில் மறுபடி துவைத்து வாங்கித் தருவார். மாமியாரிடம் அதைச் சொல்லவே இல்லை. எழுபது வளைவு இறங்கி வந்த துணியைத் திரும்பத் துவைக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது?

இரண்டாம் மாதம் சிட்ருலின் பதினொன்று. "குறைவுதான். ஆனா ஆரம்பம்" என்றார் டாக்டர். மூன்றாம் மாதம் திடீரென்று குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். மார்புக் குழாயில் கிருமி தொற்றியிருந்தது. குழாய் நேராக இதயத்துக்குப் பக்கத்தில் போய் முடிவதால், அதில் கிருமி என்றால் ரத்தம் முழுவதும் கிருமி. என் கையாலா, யார் கையாலா என்று அன்றிலிருந்து முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். இன்றும் தோல் வெடித்திருக்கிறது. அந்தக் காய்ச்சல் பத்து நாளில் அடங்கியது. ஐந்தாம் மாதம் அவள் கண்ணில் மஞ்சள் தெரிந்தது.

டிரிப்தான் அவளை உயிரோடு வைத்திருந்தது. அதே டிரிப் நாள்பட நாள்பட ஈரலைக் கெடுக்கும். அதனால்தான் அவசரம். குடல் தயாராவதற்குள் டிரிப்பை நிறுத்தினால் குழந்தை காய்ந்துவிடுவாள். குடல் தயாரான பிறகும் நிறுத்தாமல் இழுத்தால் ஈரல் போய்விடும். எப்போது தயார் என்று கணிப்பதுதான் எல்லாம்.

அவளுக்கு ஏழு மாதம் ஆனபோது டாக்டர் முதல்முறையாக டிரிப்பைக் குறைத்தார். வாரத்தில் ஏழு இரவுகள் இருந்தது ஐந்தானது.

"ஒரு வாரம் பார்ப்போம். திங்கட்கிழமை காலையில நூறு கிராம் ஏறியிருந்தா மூணு ராத்திரியாக் குறைக்கலாம். ஏறலைன்னா, மறுபடி ஏழுக்குப் போறதைப் பத்தி யோசிக்கணும்."

திங்கள் 5,010 கிராம். அடுத்த ஞாயிறு காலை 5,050. ஆறு நாளில் நாற்பது. நூறு எங்கே, நாற்பது எங்கே. அவள் கண்ணின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மஞ்சள் கூடியிருக்கிறதா, அப்படியே இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலைதான் என் அண்ணன் வந்தார்.

அவர் புளியஞ்சோலைப் பக்கம் அடிவாரத்தில் நெல்லும் வாழையும் பயிரிடுகிறார். எங்கள் குடும்பத்தில் தாய்மாமன் வெள்ளி அரைஞாண் கொடி கட்டி, காதில் பெயர் சொன்ன பிறகுதான் குழந்தைக்குப் பெயர். முப்பதாம் நாள் செய்வதாக இருந்தது. இருபத்திரண்டாம் நாளே நாங்கள் சேலம் வந்துவிட்டதால், ஏழு மாதமாகியும் என் மகள் மருத்துவமனைச் சீட்டில் 'கோமதியின் பெண் குழந்தை' என்றுதான் இருந்தாள். ஊருக்குப் போய் நல்லபடியாகச் செய்யலாம் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். கண் மஞ்சள் இன்னும் தெளியவில்லை என்று கேள்விப்பட்டதும் அண்ணன் கிளம்பிவிட்டார். எதற்காகக் கிளம்பினார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பார்வையாளர் நேரத்தில், கையெல்லாம் கழுவிவிட்டு, சிவப்புக் காகிதத்தைப் பிரித்தார். கொடி கனமாக இருந்தது. நுனியில் ஒரு சின்ன அரசிலை.

"கண்ணி வெச்சு வாங்கியிருக்கறன். வளர வளர மாத்தி மாத்தி மாட்டிக்கலாம். அஞ்சு வயசு வரைக்கும் ஆகும்" என்றார்.

எட்டிப் பார்த்த இரவு நேர நர்ஸ், "மாமா, இதைப் பிள்ளைக்கு வாங்கினீங்களா, கன்னுக்குட்டிக்கு வாங்கினீங்களா?" என்றார்.

"எம்பட சாமி அஞ்சு வயசு வரைக்கும் இருப்பாங்கற தெகிரியத்துல வாங்குனதுங்க" என்றார் அண்ணன்.

கடைசிக் கண்ணிக்கு முன்னால் ஏழெட்டுக் கண்ணி விட்டு இறுக்கிக் கட்டினார். குனிந்து, மார்புக் குழாயில் கை படாமல், வலது காதில் மூன்று முறை சொன்னார். இனியா. இனியா. இனியா. அவள் அவர் மீசையைப் பிடித்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது விஜயா சிஸ்டரின் குரல் கேட்டது.

"கோமதி! ஓடி வாங்க! ஐயாயிரத்து நூத்தி இருபத்தஞ்சு!"

நூற்றுப் பதினைந்து கிராம் கூடியிருந்தாள். தராசின் சிவப்பு எண்களை நானே பார்த்தேன். "பேர் வச்சதும் பூரிச்சுட்டா பாருங்க" என்றார் சிஸ்டர். நான் அழுதேன். எட்டரை மணிக்கு டாக்டர் வந்தார். ஒரே நாளில் எழுபத்தைந்து கிராமா என்று புருவத்தைச் சுருக்கி, நீர் கோத்திருக்கிறதா என்று பாதத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். குழி விழவில்லை. வயிற்றைத் தட்டிப் பார்த்தார். உப்பவில்லை.

"நல்லது. இன்னைக்கே மூணு ராத்திரி கணக்கை ஆரம்பிக்கலாம். இன்னைக்குப் பை வேண்டாம். மருந்தகத்துல பன்னிரண்டு மணிக்குள்ள சொல்லிடுங்க சிஸ்டர்."

பத்து மணிக்குத் துணி மாற்றினேன். சுற்றியிருந்ததை அவிழ்த்தபோது கொடி என் விரலில் பட்டது. உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

துணியைக் கழித்தோம். வெள்ளியைக் கழிக்கவில்லை. கணக்கு டீச்சர் நான்.

முதலில், கொடி என்ன கனம் இருந்துவிடும் என்று நினைத்தேன். பத்து கிராம் இருக்கலாம். பத்து என்றால் நூற்றைந்து மிஞ்சும், தேறிவிடும். பதினைந்து என்றாலும் சரியாக நூறு. அப்படிப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளங்கையில் கொடியைத் தாங்கிப் பார்த்தேன். கழற்ற முடியாது. தாய்மாமன் கட்டிய கொடியைக் குலதெய்வத்துக்கு முடி எடுக்கும்வரை எங்கள் வீட்டில் கழற்றமாட்டார்கள். கழற்றினால் என்ன ஆகும் என்று யாரும் சொன்னதில்லை. அந்த வார்டில் அதைச் சோதித்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, கொடி வாங்குன ரசீது இருக்குதா?"

"ஏம்புள்ள, வெல சாஸ்தின்னு சண்டைக்கு வாரயா?"

"வெல வேண்டாம். எடை எவ்வளவுன்னு பாத்துச் சொல்லு. சீக்கிரம்."

"நேத்துப் போட்ட சட்டைப் பையிலதான் வெச்சிருந்தேன்." அண்ணியைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. சட்டை எங்கே என்றார். ஊறப் போட்டாச்சுங்க என்று பதில். தண்ணீர்ச் சத்தம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தரை.

"நனைஞ்சு போச்சு. இரு, எழுத்துத் தெரியுது. அறுவத்தி நாலு... புள்ளி மூணு."

நூற்றுப் பதினைந்தில் அறுபத்து நான்கு போனால் ஐம்பத்தொன்று.

"எதுக்கு சாமி கேக்கற?"

சொன்னேன்.

"நான் கட்டுனது பிள்ளைக்கே கெடுதலாப் போச்சா?"

"இல்லண்ணா. அழுவாத. நீ கட்டுனது சரிதான். நான்தான் கழிக்கல."

பதினொரு மணிக்குச் செல்வராசு மேலே வந்தார். கீழே தங்குமிடத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். முகம் அப்படி மலர்ந்து ஏழு மாதமாகியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அறுவது கிராம்ல என்ன புள்ள இருக்குது? நாலு நாள்ல அவளே ஏறிருவா" என்றார்.

"ஏறலைன்னா?"

"சொன்னா மறுபடியும் ஏழு நாளுன்னு சொல்லிருவாங்க. கண்ணு மஞ்சளப் பாத்தயா நீ? ஈரல் போச்சுன்னா அப்புறம் குடல் இருந்து என்ன பண்றது?"

அவர் சொன்னது தப்பில்லை. அதைத்தான் நானும் ஒரு மணி நேரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னால் ஈரலுக்கு ஆபத்து, சொல்லாவிட்டால் குடலுக்கு ஆபத்து. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சாய்த்தது நான்.

"ஏனுங்க, அன்னைக்குக் கீரைன்னு நானே முடிவு பண்ணினேன். ஆம்புலன்ஸ் வேண்டாம்னும் நானே முடிவு பண்ணினேன். இதையும் நானே முடிவு பண்ணமாட்டேன். டாக்டர் முடிவு பண்ணட்டும். அவங்களுக்குச் சரியான எண்ணைக் கொடுக்கறதுதான் நம்ம வேலை."

அவர் இனியாவைப் பார்த்தார். அவள் அரசிலையை வாயில் வைத்துக்கொள்ளப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை மெதுவாக விலக்கிவிட்டார்.

"வா. ரெண்டு பேருமே போய்ச் சொல்லிட்டு வரலாம். நீயா தனியாப் போவாண்டாம்."

டாக்டர் அறை வாசலில் இருபது பேர் இருந்தார்கள். விஜயா சிஸ்டரிடம் சொன்னதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான்தானேம்மா தூக்கி வச்சேன், எனக்கே தோணலையே." எங்களை நேராக உள்ளே கூட்டிப்போனார். மணி பதினொன்றே முக்கால்.

நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். டாக்டர் பேனாவை எடுத்து 5,125 என்பதை ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் 5,061 என்று எழுதினார். பிறகு மருந்தகத்துக்குப் போன் செய்து இன்றைய பையைத் தயாரிக்கச் சொன்னார். அதற்குப் பிறகுதான் எங்களைப் பார்த்தார்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? நான் மூணு ராத்திரியாக் குறைச்சிருப்பேன். அவ தாங்கியிருக்க மாட்டா, எடை இறங்கியிருக்கும். நான் கொடியை நினைச்சிருக்க மாட்டேன், குடலைத்தான் நினைச்சிருப்பேன். 'குறைத்துப் பார்த்தோம், இந்தக் குடலால் முடியவில்லை'ன்னு அவ ஃபைல்ல எழுதியிருப்பேன். அடுத்த தடவை குறைக்கவே நாலு மாசம் பயந்திருப்பேன். அந்த நாலு மாசத்துல ஈரல் போயிருக்கும்."

செல்வராசு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப ஏழு நாளுங்களா டாக்டர்?"

"இல்லைங்க. ஐம்பது கிராம் ஏறியிருக்காளே, அது நிஜம். டிரிப்பைக் குறைச்ச பிறகும் ஏறியிருக்கா. போன வாரம் எடுத்த சிட்ருலின் இன்னைக்குக் காலையில வந்தது. பதினெட்டு. பதினொண்ணுலேர்ந்து பதினெட்டு. அந்த எண்ணுக்கு வெள்ளி, துணி எதுவும் தெரியாது. குடல் வளருது. அஞ்சு ராத்திரியிலேயே இன்னும் மூணு வாரம் இருப்போம்."

வெளியே வரும்முன் கொடியைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டேன். அவர் வார்டுக்கு வந்து இனியாவின் இடுப்பைப் பார்த்தார். கொடிக்கும் தோலுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். குழாய்க்கும் அதற்கும் தூரத்தைப் பார்த்தார்.

"இறுக்கமா இல்லை, குழாய்ப் பக்கம் வரலை. தினமும் சுத்தம் பண்ணுங்க. எனக்கு வெள்ளியோட சண்டை எதுவும் இல்லை. கணக்கு தெரிஞ்சாப் போதும்."

விஜயா சிஸ்டர் எடைத்தாளின் தலைப்பில் 'துணி 180' என்பதற்குக் கீழே 'கொடி 64' என்று எழுதினார். அதற்கு மேலே இருந்த 'கோமதியின் பெண் குழந்தை' என்பதற்குப் பக்கத்தில் 'இனியா' என்று அன்றுதான் எழுதினார்கள்.

மூன்று வாரம் கழித்து மூன்று இரவுகள். அதன் பிறகு ஒரு முறை வயிற்றுப்போக்கு வந்து, பத்து நாள் மறுபடி ஐந்துக்குப் போனோம். நான் நோட்டைப் புரட்டிப் புரட்டி எங்கே தவறு செய்தேன் என்று தேடினேன். தவறு எதுவும் இல்லை. பக்கத்துப் படுக்கையிலிருந்து தொற்றிய சாதாரண வயிற்றுப்போக்கு. பிறகு இரண்டு இரவு, ஒன்று. கண்ணின் மஞ்சள் எப்போது போனது என்று நோட்டில் இல்லை. ஒரு நாள் பார்த்தேன், வெள்ளையாக இருந்தது. பதின்மூன்றாம் மாதம் மார்புக் குழாயை எடுத்தார்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது, அம்மை குத்தியது மாதிரி. கொடியில் அதற்குள் மூன்று கண்ணி தளர்த்தியிருந்தோம்.

குணமாகிவிட்டாளா என்று கேட்கிறார்கள். டிரிப் இல்லாமல் வளர்கிறாள். அதுவரைதான் சொல்வேன். மாதம் ஒரு சத்து ஊசி உண்டு. ஒரே நேரத்தில் நிறையக் கொடுக்க முடியாது; நாளுக்கு எட்டு முறை, கொஞ்சம் கொஞ்சமாக. சர்க்கரை ஆகாது. அவள் வாந்தி எடுத்தால் இன்றும் நான் நிறத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

இப்போது அவளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் எல்லோரும் குலதெய்வத்துக்கு முடி எடுக்கக் காத்திருக்கிறார்கள். குழாய் எடுத்த அன்று செல்வராசு வேண்டிக்கொண்டார். பத்து கிலோ ஆனதும் முடி எடுத்து, அன்றைக்கே கொடியையும் கழற்றிக் கோயிலில் வைத்துக் கும்பிட்டு வருவது என்று. போன வாரம் மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். செல்வராசு, மாமியார், நான், இடுப்பில் இனியா. சட்டையைக் கழற்றி அவளைத் தராசில் உட்காரவைத்தேன். முடி தோள்வரை தொங்கியது.

நர்ஸம்மா எண்ணைப் பார்த்துக் கைதட்டினார். "பத்து கிலோ இருவது கிராமுங்க! ஆயிருச்சு!"

மாமியார் அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டார். "இந்த வெள்ளிக்கிழமையே போயிரலாஞ் சாமி" என்றார்.

"கழிங்க சிஸ்டர். கொடி அறுபத்து நாலு கிராம்" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நர்ஸம்மா கணக்குப் போட்டார். "அப்ப ஒம்பது கிலோ தொள்ளாயிரத்து அம்பத்தாறு."

"அப்படியே முடியையும் கழிச்சுரு" என்றார் செல்வராசு, சிரித்துக்கொண்டே.

இனியா தராசிலிருந்து இறங்க மாட்டேன் என்றாள். சிவப்பு எண்கள் அவளுக்குப் பிடித்திருந்தன. தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். இன்னும் நாற்பத்து நாலு கிராம். இதற்குக் காத்திருக்கலாம்.